நடு ஆட்டத்தில் என்ன செய்வது?

சதுரங்கம் அறிந்தோர் அவ்விளையாட்டை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காண்பர்: தொடக்க ஆட்டம், நடு ஆட்டம், இறுதி ஆட்டம். தொடக்க ஆட்டத்திற்கு நூல்கள் ஏராளம். இன்ன நகர்த்தலுக்கு இன்ன மறுமொழி என்று நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதி வைத்திருக்கின்றனர். ஸ்பெயின் நாட்டுக் குருவானவர் ரூய் லோபஸ் 1561-இல் இவ்விளையாட்டைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் தொடக்க முறையை உலகப் பெருவீரர்கள் இன்றும் ஆடுகின்றனர். இறுதி ஆட்டமோ ஏறக்குறையக் கணக்கு. பலகையில் எஞ்சி நிற்பவை சில காய்களே. பொறுமையும் பயிற்சியும் உள்ளவன் எண்ணி எண்ணி முடித்துவிடலாம். இவ்விரண்டிற்கும் இடையே கிடப்பதுதான் தொல்லை. மனப்பாடம் செய்த பாடம் தீர்ந்துவிட்டது. கணக்கிட்டு முடிக்கவோ காய்கள் மிகுதி. யாரும் நம்மை உடனே கொல்ல வரவில்லை. நமக்கும் உடனே வெல்ல வழியில்லை. ஆயினும் கடிகாரம் ஓடுகிறது, ஏதேனும் ஒரு காயை நகர்த்தியே ஆகவேண்டும். எதனை நகர்த்துவது?

வாசகர்களே, குடும்பம் நடத்துகிற உங்களுக்கு இந்நிலை முற்றும் புதிதாயிராது என எண்ணுகிறோம். எனினும் நாம் இங்கே பேசப்போவது சதுரங்கத்தைப் பற்றியே.

முதலில் காய்களின் பெயரைச் சொல்லிவிடுவோம்; ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. நாம் அரசன், அரசி, யானை, மந்திரி, குதிரை, காலாள் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். மூலைவிட்டமாகச் செல்லும் மந்திரியை ஆங்கிலேயர் 'பிஷப்' என்பர். நம் பங்கில் கிழவர் ஒருவர் இருந்தார். பலகையில் அக்காய் வெட்டுப்படும்போதெல்லாம், "ஆயர் போனார், இனி கோயில் திருவிழா எப்படி நடக்கும்?" என்று நகைப்பார். கட்டங்களைக் குறிக்க இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எட்டு எழுத்துகளும், வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண்களும் உள்ளன என்பதை மட்டும் நினைவிற் கொண்டால் போதும்.

இப்பொருளைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியவன் நம் மருமகன், தங்கையின் மூத்த மகன். பதினாறு வயது. தூத்துக்குடியில் நம் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. அவன் தந்தை தோணியில் தண்டலாக இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றவர். பெரும்பாலும் என்ஜின் பொருத்திய தோணிகளிலேயே சென்றார் என்றாலும், பாய் விரித்து ஓட்டிய தம் தந்தையிடம் தொழில் கற்றவர். சில ஆண்டுகளுக்கு முன் தோணிக்குரியவர் அதனை விற்றுவிட்டார். மாப்பிள்ளை இப்போது ஓர் உப்புக் கிட்டங்கியில் இரவுக் காவல். தங்கை வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறாள். இத்தகைய வீட்டிலிருந்து ஒரு பையன் சதுரங்கப் போட்டிகளுக்குச் சென்று வருவதென்றால், நுழைவுக் கட்டணம், பேருந்துச் செலவு, வெளியூரில் ஒரு வேளைச் சோறு என ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களோ தலைக்கு மேல். ஆகவே சென்ற ஆண்டு மாப்பிள்ளை தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: அடுத்து வரும் போட்டியில் ஏழு சுற்றுகளுக்கு ஐந்து புள்ளி எடுத்தால் தொடரட்டும், இல்லையேல் பலகை பரணில் ஏறும்.

அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பையனுடைய ஆட்டத்தை நாம் அறிவோம். நினைவாற்றல் நிரம்ப உண்டு. முதல் பதினைந்து நகர்த்தல்களை ஆசிரியர் போல் ஆடுவான். அதன்பின் தளர்வான். எதிராளி எங்கே ஒரு காலாளைக் குறி வைத்தாலும், உடனே ஓடிச்சென்று அதனைக் காப்பான். மேலும் ஒரு காய் குறி வைத்தால், தானும் மேலும் ஒரு காயைக் காவலுக்கு அனுப்புவான். கடைசியில் அவனுடைய படை முழுவதும் ஒரு காலாளைச் சுற்றிக் காவல் நின்றுகொண்டிருக்கும்; எதிராளி வேறெங்கோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுவான். ஒருநாள் மாலை நம்மோடு ஆடுகையில் தலையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, எங்க பார்த்தாலும் அடைச்சிருக்கு. நான் எதைத் தள்ள?" என்றான்.

அக்கேள்விக்கு விடையாக நாம் அவனுக்குச் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. ஓர் ஆட்டத்தை எடுத்து வைத்தோம்.

2010-ஆம் ஆண்டு உலகப் பட்டத்திற்கான போட்டி பல்கேரியாவின் தலைநகரமாகிய சோபியாவில் நடந்தது. பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த். எதிர்த்தவர் அந்நாட்டவரேயான வெசலின் தொபலோவ். அந்த ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை ஒன்று சாம்பலைக் கக்கியதால் ஐரோப்பாவில் விமானங்கள் பறக்கவில்லை. ஆனந்த் பிராங்பர்ட்டிலிருந்து ஏறக்குறைய நாற்பது மணி நேரம் சாலை வழியே பயணம் செய்து சோபியா சேர்ந்தார். மூன்று நாள் தள்ளிவைக்க வேண்டினார். ஒரு நாளே கிடைத்தது. முதல் ஆட்டத்தில் கருப்புக் காய்களுடன் முப்பது நகர்த்தல்களில் தோற்றார். பின்னர் இரண்டை வென்றார், மேலும் ஒன்றைத் தோற்றார். பதினோரு ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஐந்தரைக்கு ஐந்தரை. எஞ்சியது ஒரே ஆட்டம். அதில் ஆனந்துக்குக் கருப்பு. அதுவும் சமநிலையானால் விரைவு ஆட்டங்களில் பட்டம் முடிவாகும். விரைவு ஆட்டத்தில் ஆனந்த் வல்லவர் என்பது உலகறிந்தது. ஆகவே தொபலோவ் அன்றே வெல்ல முயல்வார் என்று பலரும் எதிர்பார்த்தனர். மே 11-ஆம் நாள் அவ்வாட்டம் நடந்தது.

தொடக்கத்தில் வியப்பு எதுவுமில்லை. ஆனந்த் பழைமையான, உறுதியான ஒரு முறையை மேற்கொண்டார்; லாஸ்கர் என்ற பழம்பெரும் வீரரின் பெயரால் வழங்குவது. காய்கள் மளமளவென்று மாற்றிக்கொள்ளப்பட்டன. இருபது நகர்த்தல்களுக்குப் பின் பலகையைப் பார்ப்போர்க்கு, வெள்ளைக்குச் சிறிது நலம் என்றே தோன்றும். காரணம், கருப்பின் சி5 கட்டத்துக் காலாள். அதற்கு இருமருங்கிலும் துணைக் காலாள் இல்லை. ஏ7-இல் நிற்பதும் அவ்வாறே தனித்தது. துணையற்ற காலாளை வேறொரு காலாள் காக்க இயலாது. பெரிய காய்களே காவல் நிற்க வேண்டும். நம் மருமகனைப் போன்ற ஒருவன் அங்கே அமர்ந்திருந்தால் யானை இரண்டையும் அந்தக் காலாட்களுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டிருப்பான்.

தொபலோவின் திட்டமும் தெளிவானதே. யானையை ஏ3-க்குக் கொண்டுவந்தார். குதிரையைச் சுற்றி வளைத்து ஏ5-க்கும், பின் சி4-க்கும் செலுத்தினார். எல்லாம் இடப்புறத்தில், அந்த இரண்டு அனாதைக் காலாட்களை நோக்கி. ஆனந்தின் மந்திரியோ துரத்தப்பட்டு மூலையிலுள்ள ஏ8-இல் போய் ஒடுங்கியது. முதற் பார்வைக்கு அது பரிதாபமான இடம். ஆனால் அங்கிருந்து ஒரு நீண்ட மூலைவிட்டம் புறப்படுகிறது: பி7, சி6, டி5, ஈ4, எஃப்3, ஜி2. அந்த ஜி2-இல்தான் வெள்ளை அரசன் நின்றுகொண்டிருந்தான். இடையே வெள்ளையின் காலாட்கள் மதில் போல் நின்றன.

இவ்விடத்தில் நாம் காய்களை நிறுத்திவிட்டுப் பையனிடம் கேட்டோம்: "இப்ப உன் முறைன்னா என்ன செய்வ?" அவன் சி5-ஐக் காப்பதற்கு மூன்று வழிகள் சொன்னான். மூன்றும் தவறென்று சொல்ல முடியாது. ஆனந்த் அவற்றுள் எதனையும் செய்யவில்லை. 29-ஆம் நகர்த்தலில் நடுவிலிருந்த காலாளை ஈ5-க்குத் தள்ளினார். அது மேலும் முன்னேறி மூலைவிட்டத்தைத் திறந்துவிடாதபடி தொபலோவ் தம் காலாளை ஈ4-இல் நிறுத்தி அடைத்தார். உடனே ஆனந்த் பக்கத்துக் காலாளை எஃப்5-க்கு நகர்த்தி அந்த அடைப்பையே இடித்தார். வெள்ளை அதனை வெட்டியது. ஒரு காலாள் போயிற்று. ஆனந்த் மற்றதையும் ஈ4-க்குத் தள்ளிப் பலியாக நீட்டினார். வெள்ளை அதனையும் வெட்டியது. மதில் வீழ்ந்தது! கருப்பு அரசி ஈ4-இல் பாய்ந்து 'செக்' சொல்ல, அவளுக்குப் பின்னால், இதுவரை மூலையில் ஒடுங்கிக் கிடந்த அதே மந்திரி. வெள்ளை அரசன் எச்3-க்கு ஓடினான், பின் எச்4-க்கு. ஓர் அரசன் நடு ஆட்டத்தில் நான்காம் வரிசைக்கு நடந்து போவதைக் காண்பது எளிதன்று. அவனைக் காக்க வேண்டிய யானை எங்கே? ஏ3-இல், பலகையின் மறு கோடியில், கருப்பின் எளிய காலாளைக் குறி பார்த்தபடி நின்றது. 56-ஆம் நகர்த்தலோடு தொபலோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பட்டம் ஆனந்திடமே நிலைத்தது.

சி5 காலாள் அன்று அந்த இடப்புற முற்றுகைக்கு விழவே இல்லை என்பதையும் நாம் பையனுக்குக் காட்டினோம். அதனை வெட்டுவதற்கு வெள்ளைக்கு நேரம் எங்கே?

இதைத்தான் சதுரங்கத்தில் எதிராட்டம் என்பர். எதிர்த்தாக்குதல் என்று சிலர் சொல்வதை நாம் ஏற்பதில்லை. தாக்கி வெல்வது அதன் முதல் நோக்கமன்று. எதிராளி ஒரு பக்கம் அமைதியாய் வேலை செய்துகொண்டிருக்கையில், அவன் மற்றொரு பக்கமும் திரும்பிப் பார்க்குமாறு செய்வதே அதன் பணி. அவன் தன் திட்டத்தில் செலவிட வேண்டிய நகர்த்தல்களுள் ஒன்றிரண்டைக் காவலுக்குச் செலவிட்டால்கூடப் போதும். காவலே கதியென்று இருப்பவனை எதிர்ப்பவன் அவசரப்படத் தேவையில்லை. தன் காய்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாய் மிகச் சிறந்த இடத்திற்குக் கொண்டுவந்து, பின் ஒரே அடியாக அடிக்கலாம். முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியனாக 1886-இல் வந்த வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ், மேன்மை உடையவன் தாக்கியே ஆகவேண்டும், இல்லையேல் மேன்மையை இழப்பான் என்று கற்பித்தார். ஆக, தாழ்ந்த நிலையில் இருப்பவனுக்கும் ஒரு நன்மை உண்டு: அவசரம் எதிராளியுடையது.

சரி, எதிராட்டத்தை எங்கே தேடுவது? நாம் அறிந்தவரை, காய்களைப் பார்ப்பதற்கு முன் காலாட்களைப் பார்க்க வேண்டும். குதிரையும் மந்திரியும் இன்று இங்கே, நாளை அங்கே. காலாட்கள் பின்வாங்குவதில்லை. அவை நிற்கும் விதமே நிலத்தின் மேடு பள்ளம். எந்த நெடுவரிசை திறந்திருக்கிறது, எந்தக் காலாளைத் தள்ளினால் அடைப்பு உடையும், உடைந்த பின் அந்த வழியில் செல்ல நம்மிடம் எந்தக் காய் ஆயத்தமாக இருக்கிறது? நம்முடைய காய்களுள் மிகவும் வேலையற்றுக் கிடப்பது எது என்று கேட்பதும் நல்லது. பல நேரங்களில் திட்டம் அந்தக் காயிலிருந்தே பிறக்கும். சோபியாவில் மூலை மந்திரியிலிருந்து பிறந்தது போல. ஆனால் திட்டம் என்றதும் இருபது நகர்த்தல்களுக்கு வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டுமென்று சிலர் மருள்கின்றனர். நல்ல ஆட்டக்காரர்களின் திட்டங்கள் பெரும்பாலும் நான்கைந்து நகர்த்தல் நீளமே உடையவை. 'இந்தக் குதிரையை அந்தக் கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன்' என்பதே ஒரு திட்டம். அது முடிந்ததும் வேறொன்று.

விட்டுக்கொடுப்பதும் இதில் அடங்கும். 1953-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த பெரும் போட்டியில், அமெரிக்கரான ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகத் திக்ரான் பெத்ரோசியன் ஆடிய ஆட்டத்தைச் சதுரங்கப் பாட நூல்கள் விடாமல் எடுத்துக் காட்டுகின்றன. நடுவே வெள்ளைக் காலாட்கள் அணிவகுத்து முன்னேறக் காத்திருந்தன. பெத்ரோசியன் தம் யானையை, எதிராளியின் மந்திரி வெட்டக்கூடிய ஈ6 கட்டத்தில் தாமே கொண்டுபோய் நிறுத்தினார். யானை மந்திரியைவிட மதிப்பு மிக்கது. அதனை இவ்வாறு கொடுப்பது பைத்தியக்காரத்தனம் எனத் தோன்றும். ஆனால் யானை விலகியதால் குதிரைக்கு வழி கிடைத்தது. அக்குதிரை டி5-இல் போய் அமர்ந்தது. அங்கிருந்து அதனை எவராலும் பெயர்க்க முடியவில்லை. காலாட்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பத்தாண்டுக்குப் பின் உலகச் சாம்பியனான மனிதரின் புகழ் பெற்ற நகர்த்தல்களுள் ஒன்று, வெற்றி தராத ஆட்டத்தில் ஆடப்பட்டது என்பது நமக்குப் பிடித்த செய்தி.

நம் ஊர்க்காரர்களுக்கு வேறோர் எதிராட்டமும் நினைவு வரும். 1906-இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கொழும்புக்கு வாடகைக் கப்பல் விட்டார். அது தடைப்பட்டதும், சொந்தமாகவே காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்கிக் கொண்டுவந்தார். ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, குறைத்து இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது என்பர். 1908-இல் அவரைச் சிறைக்கு அனுப்பியபின் கம்பெனி நலிந்து 1911-இல் கலைக்கப்பட்டது. சதுரங்கத்தில் எதிராளி நம் கையைப் பிடித்து ஆட்டத்திலிருந்து எழுப்பிவிட முடியாது. கடற்கரைத் தெருவில் அது முடியும். இந்த வேறுபாட்டை மறந்து, விளையாட்டைக் கொண்டு வாழ்க்கை முழுவதையும் விளக்கப் புகுவோரிடம் நமக்கு உடன்பாடில்லை.

எனினும் உவமைக்காகச் சதுரங்கத்தைத் தேடியவர்களுள் புனிதர் ஒருவரும் உண்டு. அவிலா நகரத்துத் தெரேசம்மாள் பதினாறாம் நூற்றாண்டில் தம் கன்னியருக்கு எழுதிய 'நிறைவின் வழி' என்ற நூலில், தாழ்ச்சி என்னும் அரசியைக் கொண்டு தெய்வீக அரசரைப் பிடிக்கலாம் என்று இவ்விளையாட்டின் சொற்களிலேயே எழுதினார். மடத்தில் சதுரங்கப் பேச்சா என்ற தயக்கமோ என்னவோ, பின்னர் நூலைத் திருத்தி எழுதுகையில் அப்பகுதியை விட்டுவிட்டார். முதற் கைப்பிரதி பிழைத்திருந்ததால் நமக்கு அது கிடைத்திருக்கிறது. காய்களின் பெயரும் நடையும் அவருக்கு நன்கு தெரிந்திருந்தன என்பது மட்டும் உறுதி.

நம் இளமையில் தூத்துக்குடியில் சதுரங்கம் கற்பிப்பார் அருமை. மானுவல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் போர்ட்டிஷ், ஊல்மன் என்ற இரு பெருவீரர்களை வென்றார். 1972-இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் முன்னின்று தொடங்கிய டால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் ஆனந்தும் ஆடிப் பழகினார். அந்த மேசைகளுக்கும் நம் கடற்கரைக்கும் ஓர் இரவு ரயில் பயணத் தொலைவு. இன்று அப்படியன்று. பையன் கைப்பேசியை எடுத்தால், உலகச் சாம்பியனையே வெல்லும் கணிப்பொறி அதனுள் இருக்கிறது. எந்த நிலையைக் கொடுத்தாலும் இன்னாருக்கு இத்தனை மேன்மை என்று நொடியில் எண்ணிட்டுச் சொல்லும். ஏன் என்று மட்டும் சொல்லாது. நம் மருமகன் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே அஞ்சப் பழகிவிட்டானோ என்று நாம் ஐயுற்றதுண்டு. தாழ்வு என்று எண் காட்டினால், அதனை ஆடும் மனிதனுக்கும் தாழ்வுதான் என்று முடிவு கட்டிவிடுவான். எதிரே இருப்பவனும் வியர்க்கிறான் என்பது கைப்பேசிக்குத் தெரியாதல்லவா!

சோபியா ஆட்டத்தை நாம் காட்டிக்கொண்டிருந்த மாலையில் மாப்பிள்ளையும் அங்கே இருந்தார். இரவுக் காவலுக்குப் புறப்படுமுன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சதுரங்கம் அவருக்குத் தெரியாது. இருந்தும், மந்திரி மூலையில் ஒதுங்கியதையும் பின் மதில் உடைந்ததையும் நாம் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், தம்மையறியாமல் பேசினார்:

"வடக்க இருந்து வாடை மூஞ்சில அடிக்கும் மச்சான். தோணி நேரா வராது. நிக்கவும் முடியாது, நின்னா நீவாடு இழுத்துட்டுப் போயிரும். அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம்னு வெட்டி வெட்டி வரணும். கரையில நின்னு பாக்கிறவனுக்கு, என்னடா இவன் வேற ஊருக்குல்லா போறான்னு தோணும்."

நீவாடு என்பது நீரோட்டம். அவர் சொல்லிவிட்டுக் குவளையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பையன் வெகு நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டி வந்தது. முதல் ஐந்து சுற்றுகளில் மூன்று புள்ளி. எஞ்சிய இரண்டையும் வென்றால்தான் ஐந்து. ஆறாம் சுற்றில் அவனுக்குக் கருப்பு. எதிராளி அவனைவிட மிகவும் மேலான தரப்புள்ளி உடைய ஓர் இளைஞர். நடுவே காலாட்கள் மாற்றப்பட்டு, சதுரங்க நூல்களில் நன்கு அறியப்பட்ட ஓர் அமைப்பு உருவாயிற்று. அதில் வெள்ளை தன் இடப்புறத்து இரண்டு காலாட்களை, கருப்பின் மூன்று காலாட்கள் மீது மோதவிடும். சிறுபான்மைத் தாக்குதல் என்று இதற்குப் பெயர். இரண்டு மூன்றை எதிர்ப்பதா என்று நகைக்கத் தோன்றும். ஆனால் மோதி முடிந்தபின் கருப்புக்குச் சி6-இல் ஒரு காலாள் துணையிழந்து நிற்கும். எஞ்சிய ஆட்டம் முழுவதும் அது புண். கருப்பு அதற்கு என்ன செய்யலாம்? அதற்கும் ஓர் அரை திறந்த வழி உண்டு: ஈ நெடுவரிசை. குதிரையை ஈ4-இல் ஊன்றலாம். யானையை ஈ6 வழியாக வலப்புறத்திற்குத் திருப்பலாம். வெள்ளை அரசனின் வாசலுக்குச் செல்லலாம். வெள்ளை இடப்புறம், கருப்பு வலப்புறம். எவர் முதலில் போய்ச் சேர்கிறார் என்பதே ஆட்டம்.

நாம் அரங்கினுள் இல்லை. பெற்றோரும் உறவினரும் வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். பின்னர் அவன் எழுதி வைத்திருந்த தாளைக் கொண்டே அறிந்தோம். பதினெட்டாம் நகர்த்தலில் அவன் யானையைச் சி8-க்குக் கொண்டுபோயிருக்கிறான்; பழைய வழக்கம், காவல். இருபதாம் நகர்த்தலில் இருபத்திரண்டு நிமிடம் யோசித்திருக்கிறான் என்று தாளின் ஓரத்தில் குறிப்பு இருந்தது. அதன்பின் சி6-ஐக் காக்க ஒரு நகர்த்தல்கூட இல்லை. குதிரை ஈ4-க்கு. மற்ற யானை ஈ8, ஈ6, எச்6. அரசி எச்4-க்கு. எதிராளி சி6-ஐ வெட்டிக்கொண்டார். அதை வெட்டிய காய் திரும்பி வருவதற்குள் பையன் குதிரையைப் பலியிட்டு அரசனுக்கு முன்னிருந்த காலாட்களைப் பிளந்துவிட்டான். வெல்லும் வழி இருந்ததா என்று அவன் பின்னர்க் கைப்பேசியில் தேடினான், இல்லை. அரசியால் மாறி மாறிச் செக் சொல்லிக்கொண்டே இருக்க முடிந்தது. அரசனால் தப்ப முடியவில்லை. ஆட்டம் சமநிலை. அரைப் புள்ளி.

ஏழாம் சுற்றை வென்றான். மொத்தம் நாலரை.

பேருந்தில் திரும்பும்போது அவன் எதுவும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. கணக்கு இருவருக்கும் தெரிந்ததே. அவன் இதுவரை ஆடியவற்றுள் மிகச் சிறந்த ஆட்டமே அவனுக்கு அரைப் புள்ளியைக் குறைத்துவிட்டது.

வீட்டில் தங்கை சோறு எடுத்து வைத்தாள். மாப்பிள்ளை எத்தனை என்று கேட்டார். "நாலரைப்பா" என்றான். அவர் தலையசைத்தார். சாப்பிட்டு முடியும் வரை ஒரு சொல்லும் இல்லை. பின், "அந்த அரை எப்படிப் போச்சு?" என்றார். பையன் பலகையை விரித்தான். துணி போல் சுருட்டி வைக்கும் பலகை. ஓரத்தில் இரண்டு இடம் கிழிந்து, தங்கை தையல் போட்டிருக்கிறாள். காய்களை ஆடிக் காட்டினான். சி6 விழும் இடம் வந்ததும் மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவன் அனாதையா நிக்கானே. இவனை விட்டுரலாம்னு உனக்கு எப்பத் தோணிச்சு?"

பையன் சிறிது நினைத்துப் பார்த்தான். "யானையை அங்க வச்சதுக்கு அப்புறம்ப்பா. இன்னும் ஒரு காயை வச்சாலும் காப்பாத்த முடியாது, அவர் இன்னொரு காயைக் கொண்டு வந்துருவாருன்னு தெரிஞ்சுது. அப்ப எனக்கு இந்தப் பக்கம் எத்தனை காய் சும்மா இருக்குன்னு எண்ணிப் பார்த்தேன்."

மாப்பிள்ளை மேலும் எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் பையன் தன் எண்ணத்தை வெளியிட்டான். பேருந்தில் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான் போலும். தெருவில் மூன்று சிறுவர்களுக்குச் சதுரங்கம் கற்றுக்கொள்ள ஆசை. ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் கற்றுக்கொடுத்தால், அவர்கள் வீட்டார் மாதம் ஏதோ கொடுப்பதாகச் சொல்லியிருக்கின்றனர். அது ஆண்டுக்கு இரண்டு போட்டிகளுக்குப் போதும். பரீட்சை முடியும் வரை வெளியூர்ப் போட்டி எதற்கும் போகமாட்டான். படிப்பில் மதிப்பெண் குறைந்தால் தானே பலகையைப் பரணில் ஏற்றிவிடுவான். ஒவ்வொன்றாகச் சொன்னான். தங்கை அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாம் வாய் திறக்கவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையே மாமன் காய் நகர்த்துதல் முறையன்று.

"பரீட்சை முடியட்டும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கைவிளக்கை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் புறப்பட்டார்.

பலகை பரணில் ஏறவில்லை. இப்போதைக்கு அது மேசை மேல் இயற்பியல் புத்தகத்தின் கீழ்க் கிடக்கிறது. ஞாயிறுதோறும் மூன்று சிறுவர்கள் வருகின்றனர். சென்ற மாதம் நான்காவதாக ஒரு சிறுமியும் சேர்ந்தாள். இரவுக் காவல் முடிந்து வந்த மாப்பிள்ளை அந்நேரம் திண்ணையில் முகத்தை மூடிப் படுத்திருப்பார். உறங்குவதாகவே நாம் எண்ணியிருந்தோம். கடந்த ஞாயிறு நாம் சற்று முன்னதாகச் சென்றபோது பையன் இன்னும் கோயிலிலிருந்து திரும்பவில்லை. மாப்பிள்ளை பலகையை விரித்து வைத்துக்கொண்டு, எட்டு வயதுச் சிறுமியிடம் குதிரை ஏன் நேராகப் போகாது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.